தென்காசியைப் ‘பத்து’ என்று படிக்கும் கருவி

டொமைன் பெயர்களுக்கு ஒரு நொடியில் விலை சொல்லும் மதிப்பீட்டுக் கருவிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தென்காசி என்றதும் தமிழ் தெரிந்தவர் காதில் இரண்டு சொற்கள் விழும். தெற்கே ஒரு காசி. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் அந்தப் பெயருக்கு உரை எழுதியதுபோல ஊர் நடுவே நிற்கிறது. அதே பெயரை ஆங்கிலத்தில் ஏழு எழுத்தாக எழுதி, ஆங்கில அகராதி மட்டும் கற்ற ஒரு கணினி நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் மூன்று எழுத்திலேயே அதற்கு ஒரு சொல் கிடைத்துவிடும்: ‘டென்’. அதாவது பத்து. மிச்சமிருக்கும் ‘காசி’க்கு அதன் அகராதியில் இடம் இல்லை.

ஆறு கிலோமீட்டர்கூடத் தள்ளியில்லாத குற்றாலத்தின் கதை இன்னும் மோசம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வழங்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அது பத்து எழுத்து. அந்தப் பத்தையும் மிச்சமில்லாமல் மூன்று ஆங்கிலச் சொற்களாக உடைத்துவிடலாம்: ‘கோர்ட்’, ‘ஆல்’, ‘ஆம்’. நீதிமன்றம், எல்லாம், இருக்கிறேன். மூன்றும் அகராதிச் சொற்கள். அவற்றில் அருவியும் இல்லை, சாரலும் இல்லை.

இணையத்தில் ஒரு பெயரின் விலை பல சமயம் இந்த இடத்தில்தான் தீர்மானமாகத் தொடங்குகிறது. தளத்தின் முகவரியாக நாம் தட்டச்சு செய்யும் பெயர்தான் டொமைன். அதற்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்று சொல்லும் தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் பல உண்டு. எஸ்டிபாட் இத்துறையில் பழைய பெயர். உலகின் மிகப் பெரிய பதிவு நிறுவனமான கோடாடி 2017இல் தன்னுடைய கருவியைத் திறந்துவிட்டது. பெயரைக் கொடுத்தால் ஒரு நொடியில் டாலரில் ஒரு தொகை வரும். அந்தத் தொகையை நம்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், விற்பவர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் ரின்யூவல் கட்டிக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

சுற்றுலாவும் விவசாயமும் சிறுதொழிலும் இணையத்துக்குள் வேகமாக நுழைந்துகொண்டிருக்கும் தென்காசி போன்ற ஒரு மாவட்டத்தில், இந்தத் தொகையை எப்படிப் படிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரியாவிட்டால் நஷ்டம் இரண்டு பக்கமும் வரலாம். மதிப்புள்ள பெயரைச் சல்லிசாக விட்டுவிடலாம். மதிப்பில்லாத பெயருக்கு வருடா வருடம் காசு கட்டலாம்.

கருவி எப்படிக் கணக்குப் போடுகிறது?

எல்லாக் கருவிகளும் தங்கள் சூத்திரத்தை முழுதாக வெளியிடுவதில்லை. ஆனால் அவை பார்க்கும் விஷயங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை.

முதல் வேலை பதம் பிரிப்பது. டொமைனில் இடைவெளி கிடையாது என்பதால், ஒட்டிக்கிடக்கும் எழுத்துகளிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க வேண்டும். தமிழில் செய்யுள் படித்தவர்களுக்கு இந்தச் சிரமம் புதிதில்லை. தப்பாகப் பிரித்தால் பொருளே மாறிவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது, பிரித்தெடுத்த சொற்களைத் தேடுபொறியில் மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தரத் தயாராக இருக்கிறார் என்பது. மூன்றாவது, பெயரின் உடல்வாகு: எத்தனை எழுத்து, நடுவில் கோடு இருக்கிறதா, எண் இருக்கிறதா, முடிவில் டாட் காம் வருகிறதா டாட் இன் வருகிறதா. நான்காவது, அதே பெயரை வேறு முடிவுகளில் எத்தனை பேர் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாவதுதான் மிக முக்கியமானது: இதேபோன்ற பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின. இவற்றையெல்லாம் ஒரு கற்றல் நிரலுக்கு ஊட்டி, கடந்த கால விற்பனைகளை வைத்து அதைப் பழக்குகிறார்கள். அது ஒரு சராசரியைக் கற்றுக்கொள்கிறது.

குற்றாலத்தை வைத்து இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். பெரிய கருவிகளிடம் ஊர்ப் பெயர்ப் பட்டியலும் இருக்கும் என்பதால், ‘கோர்ட்-ஆல்-ஆம்’ என்ற முதல் தடுக்கலை அது தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே அடுத்தது வரும். குற்றாலத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் இல்லை. ‘சி’ போட்டுத் தொடங்குபவர்கள் உண்டு. ‘கே’ போட்டு, ஒற்றை ‘டி’யோடு எட்டெழுத்தில் எழுதுபவர்கள் உண்டு. இரட்டை ‘டி’ போட்டு ஒன்பதெழுத்தாக்குபவர்கள் உண்டு. பேருந்துப் பலகையில் ஒன்று, விடுதிப் பலகையில் இன்னொன்று. தேடுபவர்களும் அப்படியே பிரிந்து தேடுகிறார்கள். ஒரே அருவியைத் தேடும் கூட்டம் நாலைந்து ஓடையாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு ஓடையையும் தனித்தனியாக அளக்கும் கருவிக்கு, எல்லாமே சின்ன வாய்க்காலாகத்தான் தெரியும்.

எழுத்துக்கூட்டல் எவ்வளவு நிலையில்லாதது என்பதற்குத் தமிழ்நாடு அரசே ஒரு சாட்சி. 2020 ஜூனில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. தூத்துக்குடிக்கும் கோயம்புத்தூருக்கும் புதிய எழுத்துக்கூட்டல்கள் வந்தன. விமர்சனங்கள் எழ, சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த ஆணை நிலைத்திருந்தால், பழைய எழுத்துக்கூட்டலில் இருந்த ஆயிரம் ஊர்ப் பெயர் டொமைன்களின் மதிப்பு மெல்ல இடம் மாறத் தொடங்கியிருக்கும். முந்தைய நாள் வரை நடந்த விற்பனைகளைப் பார்த்துக் கற்ற கருவிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சராசரியில் சீசன் தெரியாது

குற்றாலத்தில் அறை வாடகையை ஆண்டுச் சராசரி பார்த்து யாரும் நிர்ணயிப்பதில்லை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டு, சாரல் இறங்கி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி பரவியதும் ஊரின் கணக்கே மாறிவிடும். ஜூலை சனிக்கிழமைக்கு ஒரு வாடகை, பங்குனி செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வாடகை. பிறகு கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்க, இரண்டாவது கூட்டம் தை வரை நீளும். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் ஒரே மணி நேரத்தில் எல்லாம் தலைகீழ். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பதின்வயதுச் சிறுவனைப் பலிகொண்டபோது, அருவிகள் அனைத்தும் மூடப்பட்டதை ஊர் மறக்கவில்லை.

கருவி எடுத்துக்கொள்ளும் ‘மாதாந்தரத் தேடல்’ என்ற எண்ணில் இந்த ஏற்ற இறக்கம் கரைந்துபோகிறது. ஐந்தருவிச் சாலையில் பத்து அறை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி சுமார் எழுபது நாட்களில் வருகிறது. அந்த எழுபது நாளில் கைப்பேசியில் தேடுபவர் நேராகத் தன் தளத்துக்கு வந்துவிட்டால், முன்பதிவுச் செயலிகளுக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சம். அவருக்கு ஊரின் பெயரும் ‘அருவி’ என்ற சொல்லும் சேர்ந்த ஒரு டொமைன் எவ்வளவு பெறும் என்பதை அந்தக் கமிஷன் கணக்கு சொல்லும். அமெரிக்க விற்பனைகளைப் பார்த்துப் பழகிய நிரலுக்கு அந்தக் கணக்குப் புத்தகம் கைக்கு எட்டாது.

இதற்கு நேர் மறுபக்கமும் உண்டு. அருவிப் பெயர் ஒவ்வொன்றையும் டாட் காமில் பதிந்து வைத்தால் கோடீஸ்வரராகிவிடலாம் என்று யாராவது நினைத்தால் அதுவும் பிழை. செண்பகாதேவி, தேனருவி, புலியருவி, சிற்றருவி, பழத்தோட்ட அருவி என்று பெயர்கள் பல இருக்கின்றன. அவற்றை வாங்கத் தேவையும் பணமும் ஒருசேர உள்ளவர் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். கருவி ஒரு பெயருக்கு ஆயிரம் டாலர் என்று காட்டினாலும், ஆயிரம் டாலர் கொடுக்க ஒருவர் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தமாகாது. டொமைன் வியாபாரத்தில் நீண்ட நாள் இருப்பவர்கள் சொல்லும் நடைமுறைக் கணக்கு இது: நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும். மற்றவற்றுக்கு ரின்யூவல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தங்கமும் மனையும் டொமைனும்

நகை மதிப்பீட்டாளரிடம் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் உரைகல்லில் உரசி, எடை போட்டு, அன்றைய கிராம் விலையால் பெருக்கிச் சொல்லிவிடுவார். தென்காசியில் சொன்னாலும் திருச்சியில் சொன்னாலும் பெரிய வித்தியாசம் வராது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கத்தரிக்காயின் விலை காலை ஏலம் முடிந்ததும் தெரிந்துவிடும். ஒரே மாதிரிச் சரக்கு, நிறைய விற்பவர், நிறைய வாங்குபவர். இப்படிப்பட்ட இடத்தில் கணினி அழகாக விலை சொல்லும்.

மனை அப்படி இல்லை. அதனால்தான் பதிவுத்துறை சர்வே எண் வாரியாக, தெரு வாரியாக வழிகாட்டி மதிப்பு என்று ஒன்றை வைத்திருக்கிறது. 2017 ஜூன் 9 அன்று தமிழக அரசு அந்த மதிப்பை மாநிலம் முழுவதும் 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய நிலைக்கே உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக்கியது. மனை அதே மனைதான், மண்ணும் அதே மண்தான். காகிதத்தில் இருந்த எண் மட்டும் ஏறி இறங்கியது. தென்காசியில் இடம் வாங்கிய எவரும் வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலை என்று நம்பிப் பேரம் பேசியிருக்க மாட்டார். முத்திரைத்தாள் கணக்குக்கு அது வேண்டும். பேரத்துக்கு, அந்தத் தெருவில் போன மாதம் யார் என்ன விலைக்கு வாங்கினார் என்ற தகவல் வேண்டும்.

டொமைன் மனையைவிடவும் சிக்கலான சரக்கு. ஒரு தெருவில் பத்து மனை இருந்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். டொமைனில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். டாட் காமில் மட்டும் 15 கோடிக்கும் அதிகமான பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஓர் ஆண்டில் கைமாறுவது மிகச் சிறு துளி. கைமாறுவதிலும் பல விற்பனைகள் ரகசிய ஒப்பந்தத்தோடு நடக்கின்றன. நேம்பயோ போன்ற விற்பனைப் பட்டியல்களில் ஏறுவது வெளியே சொல்லப்பட்ட விலைகள் மட்டும். விற்காமலே கிடக்கும் கோடிக்கணக்கான பெயர்களைப் பற்றி அந்தப் பட்டியல் ஒன்றும் சொல்லாது. கருவி கற்பது இந்தப் பட்டியலிலிருந்துதான் என்பதை நினைவில் வைத்தால், அது காட்டும் தொகை ஏன் பல சமயம் ஆசையைக் கிளப்பும் உயரத்தில் நிற்கிறது என்பது புரியும்.

வீடுகளுக்கே கணினி விலை சொல்லித் தடுமாறிய கதை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. வீட்டு விலை மதிப்பீட்டில் புகழ்பெற்ற ஜில்லோ நிறுவனம், விலைக் கணிப்புகளைச் சார்ந்து நேரடியாக வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. வருங்கால விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடியது. ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேரைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது. வீடுகளுக்கு விற்பனைப் பதிவுகள் குவியல் குவியலாக உண்டு. டொமைனுக்கு அந்த வசதியும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மதிப்பீட்டுக் கருவிகளில் சிலவற்றை நடத்துபவை பெயர்களைப் பதிந்து கொடுத்து, விற்பனைச் சந்தையும் நடத்தும் நிறுவனங்கள். கருவி நேர்மையாகவே கட்டப்பட்டிருந்தாலும், விலை உயர்வாகத் தெரிந்தால் அதிகம் பதிவாகும் என்ற உறவு அங்கே இருக்கிறது. ஜவுளிக்கடையில் துணியின் தரத்தைக் கடைக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை அது.

மத்தளம்பாறையில் ஒரு பாடம்

தென்காசியிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் மத்தளம்பாறை கிராமத்தில், ஒரு டொமைன் பெயரின் உண்மையான மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு உலகத்தரமான எடுத்துக்காட்டு இருக்கிறது.

ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், 2005இல் ‘ஜோஹோ’ என்ற பெயரில் இணையவழி மென்பொருள்களை வெளியிடத் தொடங்கியது. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆனது. 2011இல் மத்தளம்பாறையில் அலுவலகம் வந்தது. வேம்பு பின்னர் இந்தப் பகுதிக்கே குடிவந்தார்.

ஜோஹோ என்பது ஆங்கிலத்தில் நான்கெழுத்து. இருபத்தாறு எழுத்தை நான்கு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் 4,56,976 பெயர்கள் வரும். அவற்றில் இதுவும் ஒன்று. அகராதியில் பொருள் கிடையாது. எழுத்துகளை மட்டும் பார்த்து மதிப்பிட்டால், மற்ற நான்கெழுத்துப் பெயர்களின் வரிசையில்தான் இது நின்றிருக்கும். இன்று அந்த நான்கெழுத்தில் இருக்கும் மதிப்பை இருபது ஆண்டு உழைப்பு உள்ளே ஊற்றியிருக்கிறது.

அந்த மதிப்பு எவ்வளவு என்று உலகம் ஒரு நாள் கண்ணால் கண்டது. 2018 செப்டம்பர் 24. ஜோஹோவின் டொமைனைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், சில மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி அந்தப் பெயரை முடக்கியது. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மென்பொருளில் ஒரு பழுதும் இல்லை. பெயர் மட்டும் இல்லாமல் போனது. உலகெங்கும் இலட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலும் கணக்கும் திறக்க முடியாமல் தவித்தார்கள். வேம்பு சமூக ஊடகத்தில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டிவந்தது. பெயர் மீட்கப்பட்ட பிறகு, பதிவை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு பெயர் சில மணி நேரம் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை எந்த மதிப்பீட்டுக் கருவியின் டாலர் தொகையும் அதற்கு முன் சொல்லியிருக்காது.

அதே நிறுவனத்தின் இன்னொரு பெயர் ‘அரட்டை’. 2021இல் வந்த இந்தக் குறுஞ்செய்திச் செயலியை 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென நாடு முழுவதும் தரவிறக்கம் செய்தார்கள். தமிழ் தெரியாதவர்கள்கூட அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினார்கள். ஆங்கில அகராதியை வைத்துப் பார்த்தால் அரட்டை என்ற சொல்லுக்குத் தேடலும் இல்லை, விளம்பர விலையும் இல்லை. திண்ணையிலும் டீக்கடையிலும் புழங்கும் ஒரு தமிழ்ச் சொல் ஒரே வாரத்தில் தேசிய அளவில் தேடப்படும் பெயராகும் என்பதைக் கடந்த கால விற்பனைப் பட்டியல் எப்படிக் காட்டும்?

நெல்லைச் சீமைக்கு இது புதிதும் இல்லை. நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கலான வெளிச்சத்தில் அல்வா விற்றதால் ‘இருட்டுக்கடை’ என்று சனங்கள் வைத்த பெயர்தான் இன்று அந்தக் கடையின் சொத்து. இருட்டு, கடை என்ற இரண்டு சொல்லையும் தனித்தனியே எடைபோட்டால் கிடைக்கும் மதிப்புக்கும் அந்தப் பெயரின் மதிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கருவியின் கண்ணில் படாத காரணங்கள்

ஆங்கிலச் சொல்லாக இருந்தாலாவது கருவி சரியாகச் சொல்லுமா? ஓரளவு சொல்லும். ஆனால் பெரிய விலைகள் பெரும்பாலும் வாங்குபவரின் நிலைமையால் உண்டாகின்றன. 2019இல் ‘வாய்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லின் டாட் காம் முகவரி 3 கோடி டாலருக்கு விற்றது. விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி, வாங்கியது பிளாக் டாட் ஒன். வாங்கிய நிறுவனம் அதற்கு முன் டிஜிட்டல் டோக்கன்கள் விற்று சுமார் 400 கோடி டாலர் திரட்டியிருந்தது. புதிய சமூக வலைதளத்துக்கு அதே பெயர்தான் வேண்டும் என்று முடிவும் செய்திருந்தது. அவர்களுடைய கஜானாவும் அவசரமும் சேர்ந்து அந்த விலையை உண்டாக்கின.

காலமும் திடீரென்று மாறும். கரீபியக் கடலில் சுமார் 16 ஆயிரம் பேர் வாழும் அங்குவிலா தீவுக்கு ஒதுக்கப்பட்ட முடிவெழுத்து ‘டாட் ஏஐ’. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதும் உலகத்தின் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எல்லாம் அந்த முடிவெழுத்தைத் தேடி ஓடின. 2023இல் மட்டும் அந்தத் தீவு அரசுக்கு இந்தப் பதிவுகளால் சுமார் 3.2 கோடி டாலர் வந்தது.

நம் நாட்டில் 2024 அக்டோபரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒருநாள் இணையும் என்று ஊகித்து, டில்லி இளைஞர் ஒருவர் இரண்டு பெயரையும் சேர்த்து 2023இல் டாட் காம் பதிந்து வைத்திருந்தார். இணைப்பு உறுதியானதும், கேம்பிரிட்ஜில் தன் படிப்புச் செலவை ரிலையன்ஸ் ஏற்றால் பெயரைத் தந்துவிடுவதாக அதே தளத்தில் எழுதினார். கேட்ட தொகை ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். செய்தி பரவியது, சட்ட நடவடிக்கைப் பேச்சு எழுந்தது, பெயர் துபாயில் வசிக்கும் இரண்டு சிறார்கள் கைக்குப் போனது. அவர்கள் அதை இலவசமாகவே கொடுக்க முன்வந்தார்கள். ஒரு வருட இடைவெளியில் ஒரே பெயர் சில நூறு ரூபாய், ஒரு கோடி, இலவசம் என்று மூன்று நிலைகளில் நின்றது. கருவி எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் மூன்றில் இரண்டு முறை தவறியிருக்கும்.

சட்டம் என்ற எடைக்கல்

ஒரு பெயரின் விலையை ஒரே நாளில் பூஜ்யமாக்கக்கூடியது வணிகமுத்திரைச் சட்டம். இந்தியாவில் இந்த விஷயத்தில் வழிகாட்டும் தீர்ப்பு சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில் வந்தது. தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து ‘சிஃபி’ என்ற சொல்லை அந்த நிறுவனம் உருவாக்கி, 1999 முதல் பல டொமைன்களைப் பதிந்திருந்தது. இன்னொரு நிறுவனம் ஒரே ஒரு எழுத்தைக் கூட்டி, காதில் அதேபோல விழும் பெயரில் தளம் நடத்தியது. பெங்களூர் நீதிமன்றங்களில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004 மே 6 அன்று முடிந்தது. டொமைன் பெயருக்கும் வணிகமுத்திரைக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், சத்யம் இன்ஃபோவே பக்கம் நின்றது.

புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரை ஒட்டி நீங்கள் ஒரு டொமைன் பதிந்தால், கருவி பெரும்பாலும் நல்ல விலையே காட்டும். அந்தச் சொல்லைத் தேடுபவர்கள் அதிகம் இருப்பதால் அப்படிக் காட்டுகிறது. அந்தத் தேடல் இன்னொருவரின் உழைப்பால் வந்தது என்பதும், டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸி அமைப்பின் தகராறுத் தீர்வு முறையில் அது பறிபோகலாம் என்பதும் திரையில் தெரியும் தொகையில் அடங்காது.

இதே சத்யம் இன்ஃபோவே 1999 நவம்பரில் இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தத் தொகுப்பில் இருந்த தளங்களின் பெயர்கள் சமாச்சார், கேல், கோஜ் போன்ற இந்திச் சொற்கள். நம் மொழிகளின் சொல்லுக்கு இணையத்தில் மதிப்பு வரும் என்று அப்போதே நம்பியவர்கள் இருந்தார்கள்.

ஐந்தெழுத்து ஒன்பதாகும் விந்தை

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாம் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. 2007இலேயே உலக டொமைன் நிர்வாக அமைப்பான ஐகான், ‘உதாரணம் டாட் பரிட்சை’ என்று தமிழில் சோதனை முகவரி வைத்துப் பார்த்தது. இன்று ‘டாட் இந்தியா’, ‘டாட் இலங்கை’, ‘டாட் சிங்கப்பூர்’ என்று மூன்று நாடுகளுக்குத் தமிழ் எழுத்தில் முடிவெழுத்து உண்டு.

மதிப்பீட்டில் இந்தப் பெயர்களின் கதி என்ன? ‘குற்றாலம்’ என்று எழுதிப் பாருங்கள். கு, ற், றா, ல, ம். நமக்கு ஐந்தெழுத்து. கணினி சேமிக்கும்போது குறில் நெடில் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்பட்டு ஒன்பது குறியீடுகளாகிவிடும். டொமைன் அமைப்பு ஆங்கில எழுத்து, எண், கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும் என்பதால், அந்த ஒன்பதும் ‘எக்ஸ் என்’ என்று தொடங்கி இரண்டு சிறு கோடுகளோடு நீளும் ஒரு புரியாத சரமாக மாற்றப்படுகிறது. கோடு இருந்தால் குறை, எண் இருந்தால் குறை, நீளம் கூடினால் குறை என்று பழகிய கருவியின் முன் நம்முடைய ஐந்தெழுத்துப் பெயர் எல்லாக் குறையோடும் போய் நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ்ப் பெயர் விற்பனைகளும் அதனிடம் மிகக் குறைவு. தமிழ் எழுத்து டொமைனுக்குக் கருவி காட்டும் தொகையை ஒரு மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏமாற்றுபவர்களுக்கும் இதுவே கருவி

விலை சொல்லும் சான்றிதழில் மயங்குவோரைக் குறிவைத்துப் பல ஆண்டுகளாக ஒரு மோசடி நடக்கிறது. ‘உங்கள் டொமைனை நல்ல விலைக்கு வாங்க விரும்புகிறோம்’ என்று மின்னஞ்சல் வரும். தொகை மயக்கும் அளவில் இருக்கும். இரண்டு மூன்று கடிதம் போனதும், ‘எங்கள் முதலீட்டாளர் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறார், இந்தத் தளத்தில் வாங்கி அனுப்புங்கள்’ என்பார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. கட்டியதும் வாங்குபவர் காணாமல் போய்விடுவார். சான்றிதழ் விற்றதும் வாங்க வந்ததும் ஒரே கை. உண்மையாக வாங்க வருபவர் உங்களைச் செலவு செய்து சான்றிதழ் வாங்கச் சொல்ல மாட்டார். இதை நினைவில் வைத்தாலே போதும்.

அப்படியானால் கருவி எதற்கு?

தூக்கி எறிய வேண்டியது இல்லை. ஐந்நூறு பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதை முதலில் பார்ப்பது என்று திகைப்பவருக்கு அது நல்ல சல்லடை. பொதுவான ஆங்கிலச் சொற்களால் ஆன டாட் காம் பெயர்களில், எது மேல் எது கீழ் என்ற வரிசையை ஓரளவு சரியாகவே சொல்லும். பேரத்தின் தொடக்கத்தில் எதிராளி எந்த எண்ணை மனத்தில் வைத்திருப்பார் என்று ஊகிக்கவும் உதவும். சல்லடையைத் தராசாகப் பயன்படுத்தும்போதுதான் நஷ்டம் தொடங்குகிறது.

விற்கவோ வாங்கவோ நினைப்பவர் ஒன்றுக்கு மூன்று கருவிகளில் போட்டுப் பார்க்கலாம். மூன்றும் வேறு வேறு தொகை காட்டினால், அந்த இடைவெளியே உங்களுக்கு வேண்டிய தகவல். அதன் பிறகு கேட்க வேண்டியவை மனிதர்கள் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இந்தப் பெயர் இல்லாவிட்டால் சிரமப்படும் தொழில் யாருடையது? அவருக்கு இதனால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம்? இதேபோன்ற பெயர் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது? வேறு யாருடைய வணிகமுத்திரையாவது இதில் ஒட்டியிருக்கிறதா? நம் ஊர்ப் பெயராக இருந்தால், சனங்கள் எந்த எழுத்துக்கூட்டலில் தேடுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தவர் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்பவராகத்தான் இருப்பார்.

சொந்தத் தொழிலுக்குப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டொமைன் பத்திரப்பதிவு செய்த மனையைப் போன்றது இல்லை. ஆண்டுக் குத்தகை. டாட் காமை ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்து ஆண்டுக்குத்தான் கட்டி வைக்க முடியும். தேதி தவறினால் சில வாரம் பதிவு நிறுவனத்தின் சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதன் பின் 5 நாளில் பெயர் பொதுவில் விடப்படும். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்து வைத்திருந்தால், சட்டப்படி கேட்கப்போகும் நாளில்தான் சிக்கல் தெரியவரும்.

குற்றாலத்தில் விடுதி, பிரானூரில் புரோட்டாக் கடை, செங்கோட்டையில் மரக்கடை, சுரண்டையில் கமிஷன் மண்டி என்று எந்தத் தொழில் நடத்துபவராக இருந்தாலும் இந்த வாரமே மூன்று விவரங்களைப் பார்த்துவிடுங்கள். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? எந்தத் தேதியில் காலாவதியாகிறது? மூன்றும் உங்கள் கையில் இருக்கிறதென்று உறுதியான பிறகு, ஊர்ப் பெயரின் மற்ற எழுத்துக்கூட்டலையும் தமிழ் எழுத்தில் ஒரு முகவரியையும் சேர்த்துப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சாரல் ஜூனில் தொடங்கிவிடும்.